கம்பியின் அசல் நீளம்

ஒரு கம்பியில் எடையைத் தொங்கவிட்டால் கம்பி நீளும். எடையை எடுத்துவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பும். இதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்பீர்கள். இந்த இரண்டு வாக்கியங்களும் இரண்டு வெவ்வேறு செக்‌ஷன்களைச் சேர்ந்தவை என்பதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதைக் கற்க டெல்லிக்கு வர வேண்டும்.

நான் கல்யாணராமன். லோதி ரோடு பக்கம், மத்திய விறைப்பு மற்றும் மீட்சி அளவீட்டு இயக்ககத்தில், நிர்வாகப் பிரிவில் செக்‌ஷன் ஆபீசர். இந்தப் பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர்கள் விழிப்பார்கள். எதிரே இருக்கும் பெட்ரோல் பங்க்கைச் சொன்னால் நேரே கொண்டுவந்து விடுவார்கள். அரசாங்கம் வாங்கும் கம்பி, தகடு, ஸ்பிரிங், ரப்பர் எல்லாவற்றையும் இழுத்துப் பார்த்து, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீள்கிறது, விட்டால் திரும்புகிறதா என்று அளந்து சர்டிபிகேட் தருவது எங்கள் தலையாய கடமை. நாலு மாடிக் கட்டடம், நூற்றுப் பதினேழு ஊழியர்கள். அளக்கத் தெரிந்தவர் ஒருவர். மீதி நூற்றுப் பதினாறு பேரும் அவர் அளப்பதற்கு உறுதுணையாக இருந்தோம்.

அந்த ஒருவர் நல்லசிவம். பாளையங்கோட்டைக்காரர், பி.எஸ்ஸி. பௌதிகம். கரோல் பாகில் ஒரு மாடி அறையில் தனியாக இருந்தார். மனைவி சாந்தகுமாரி சென்னையில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். மகள் கவிதா பத்தாம் வகுப்பு. கணவனும் மனைவியும் ஒரே ஊரில் வேலை பார்க்க வேண்டும் என்று அரசாங்கமே கனிவோடு விதி செய்து வைத்திருக்கிறது. அந்த விதியைச் சுட்டிக்காட்டி நல்லசிவம் பதினோரு வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனுக்களுக்கு ஒப்புகைச் சீட்டு அனுப்பும் வேலை என்னுடையது. ஒன்றுகூட விட்டுப்போனதில்லை.

அவருடைய வேலையையும் சொல்லிவிடுகிறேன். கீழ்த்தளத்துச் சோதனைக் கூடத்தில், உத்தரத்திலிருந்து இரண்டு கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். ஒன்று சும்மா ஒப்பிட்டுப் பார்க்க. மற்றதுதான் சோதிக்க வந்த கம்பி. அதன் நுனியில் கிலோ எடைகளை ஒவ்வொன்றாக ஏற்றுவார். இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன ரசமட்டம் இருக்கும். கம்பி ஒரு மயிரிழை நீண்டால்கூட அதில் உள்ள நீர்க்குமிழி நகர்ந்துவிடும். ஒரு திருகைத் திருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, திருகு எவ்வளவு சுற்றியது என்று நோட்டில் எழுதுவார். பிறகு எடைகளை ஒவ்வொன்றாக இறக்கி மறுபடி எழுதுவார். ஏறும்போது வந்த அளவும் இறங்கும்போது வந்த அளவும் ஒத்துப்போனால் அது யோக்கியமான கம்பி. கம்பியின் பருமனுக்கு விழுந்த பாரத்தை, அசல் நீளத்துக்கு எத்தனை பங்கு நீண்டது என்ற கணக்கால் வகுத்தால், கம்பியின் விறைப்பு ஒரு எண்ணாக வந்துவிடும். இதற்கு நல்லசிவத்துக்கு முக்கால் மணி நேரம் ஆகும். நடுவில் டீ குடித்தால் ஒரு மணி நேரம்.

டெங்கு ஜுரம் வந்து போன இரண்டாவது வருஷம், டெல்லியில் தரச் சான்றிதழ் ஜுரம் வந்தது. கரண்ட் கம்பெனியிலிருந்து ஊறுகாய்க் கம்பெனி வரைக்கும் வாசலில் ஒரு சான்றிதழைத் தொங்கவிட ஆரம்பித்தார்கள். எங்கள் டைரக்டர் குல்பூஷண் மல்ஹோத்ரா சிங்கப்பூரில் பதினைந்து நாள் கருத்தரங்குக்குப் போய்விட்டு, ஒரு சூட்கேஸும் ஒரு தொலைநோக்கும் வாங்கிக்கொண்டு வந்தார். தொலைநோக்கைப் பித்தளைப் பலகையில் பொறித்து வாசலில் மாட்டினோம். "உலகத் தரத்தை நோக்கி" என்று இருந்தது. எதிலிருந்து புறப்பட்டு என்று எழுதவில்லை.

தரத்தைக் கொண்டுவர அர்விந்த் என்ற ஆலோசகர் நியமிக்கப்பட்டார். கரோல் பாகில் பிறந்து வளர்ந்த தமிழர், முப்பது வயது, மே மாதத்திலும் டை. தமிழ் பேசுவார், படிக்க வராது. அலுவலகத்தில் ஒவ்வொருவரும் என்ன செய்கிறோம் என்று எழுதித் தர வேண்டும் என்றார். பெரிய சங்கடமாகிவிட்டது. பலர் அதைப் பற்றி அதுவரை யோசித்ததே இல்லை. நல்லசிவம் மட்டும் உடனே இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: எடையை ஏற்றி இறக்குதல்.

"அங்கிள், இது ரெண்டு ஆக்டிவிட்டி," என்றார் அர்விந்த். "ஒரு ஆக்டிவிட்டிக்கு ஒரு ஓனர்தான் இருக்கணும். ஏத்தறது யாரு?"

"நாந்தான்."

"இறக்கறது?"

"அதுவும் நாந்தான். ஏத்துனவன்தான தம்பி இறக்கணும்?"

"நஹி அங்கிள். அந்த வெயிட் எல்லாம் யாரோடது?"

"ஸ்டோர்ஸுக்குச் சொந்தம். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி வச்சிருக்கேன்."

"அச்சா. அப்போ திருப்பி வாங்கிக்கறது அவங்க. சோ, இறக்கறது ஸ்டோர்ஸோட ஆக்டிவிட்டி."

இவ்வாறாக, உலகம் தோன்றிய நாள் முதல் ஒரே வேலையாக இருந்தது இரண்டாகப் பிரிக்கப்பட்டு, நீல அட்டை போட்ட மூன்று பாகக் கையேட்டில் ஏறியது. ஏற்றுவது ஏழாம் அத்தியாயம். இறக்குவது பதினோராம் அத்தியாயம். இரண்டிலும் டைரக்டர் கையொப்பமிட்டார். பார்த்துச் சரி என்று நான் சுருக்கொப்பம் போட்டேன்.

அந்த டிசம்பரில் ஒரு கம்பெனி கம்பிக் கயிற்று மாதிரி அனுப்பியது. நாடு முழுவதும் மத்திய அரசு அலுவலகங்களின் லிஃப்டுகளுக்குப் புதுக் கயிறு போடத் திட்டம். எங்கள் சர்டிபிகேட் கிடைத்தால் மொத்த ஆர்டரும் அவர்களுக்கு. கயிற்றில் முறுக்கியிருந்த கம்பிகளில் ஒன்றை உருவி நல்லசிவம் இரண்டு மீட்டர் தொங்கவிட்டார். ஏழாம் அத்தியாயத்தின்படி இருபது கிலோ ஏற்றினார். அளவுகளை நோட்டில் எழுதிவிட்டு, பதினோராம் அத்தியாயத்தின்படி இரண்டாம் மாடிக்குப் போனார்.

இரண்டாம் மாடியில் ஸ்டோர்ஸ் அதிகாரி மகாதேவன். நல்ல மனுஷர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், நினைக்க விதி இடம் தராது என்பதால். அன்று நானும் அங்கே குண்டூசி கேட்டுப் போயிருந்தேன்.

"சார், எடையை இறக்கணும். ஆள் அனுப்புங்க," என்றார் நல்லசிவம்.

"பேஷா அனுப்பறேன். டெஸ்ட் முடிஞ்சதுக்கு ரிப்போர்ட் கொடும். அது இல்லாம நான் சாமானைத் திரும்ப வாங்கிக்கப்படாது. பதினோராம் அத்தியாயத்துல ஸ்பஷ்டமா இருக்கு."

"இறக்கும்போது அளந்தாத்தான சார் டெஸ்ட் முடியும்?"

"அப்போ டெஸ்ட் இன்னும் முடியலை."

"முடியல."

"முடியாத டெஸ்ட்லேந்து எடையை எடுக்கலாமோ?"

"எடுக்காம முடியாதுல்லா."

மகாதேவன் கொஞ்ச நேரம் நியாயமாக யோசித்தார். "வாஸ்தவம்தான்," என்றார். "முடிஞ்சப்பறம் வாரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஜனவரி முதல் வாரத்தில், பதினோரு வருஷ மனுக்களுக்குப் பலனாக, நல்லசிவத்துக்குச் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. தொண்ணூறு நாளுக்குள் இங்கிருந்து விடுவிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு தானாகவே காலாவதியாகி, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நல்லசிவம் கேன்டீனில் எல்லோருக்கும் பர்ஃபி வாங்கிக் கொடுத்தார். கரோல் பாக் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டார். ஒரு சின்ன ஹீட்டர் இருந்தது, அதை எனக்கே கொடுத்தார். சென்னையில் எதற்கு ஹீட்டர் என்றார்.

விடுவிப்பு உத்தரவு போட வேண்டியவன் நான். அதற்கு எல்லாப் பிரிவிலிருந்தும் பாக்கியில்லாச் சான்று வேண்டும். நூலகம் கொடுத்தது. கேன்டீன் கொடுத்தது. ஸ்டோர்ஸ் கொடுக்கவில்லை. ஒரு கிலோ எடை இருபது, நல்லசிவம் பெயரில் நிலுவை. அவை எங்கே இருக்கின்றன என்பது நூற்றுப் பதினேழு பேருக்கும் தெரியும். கீழ்த்தளத்தில் தொங்குகின்றன.

"சார், நானே போயி எடுத்து வச்சிருதேன். பத்து நிமிசம்," என்றார் என்னிடம்.

எடுக்க வழியில்லை. தரச் சான்றிதழுக்காக அர்விந்த் எல்லாவற்றிலும் ஒட்டிய சீட்டுகளில், மிகப் பெரியது அந்தக் கம்பியைச் சுற்றித்தான் இருந்தது. "சோதனை நடைபெறுகிறது, தொடாதே" என்று மூன்று மொழியில். சோதனை செய்பவரும் தொடாமல் இருக்கக் காவலுக்கு ஒரு சௌகிதாரை ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருந்தார்கள்.

தினமும் காலையில் நல்லசிவம் போய் ரசமட்டத்தை மட்டும் பார்ப்பார். எடை கூடவில்லை, குறையவில்லை. ஆனால் குமிழி ஒவ்வொரு நாளும் நகர்ந்திருக்கும். தொட அனுமதியில்லாததால் திருகை சௌகிதாரைத் திருகச் சொல்லி, அளவை எழுதிக்கொள்வார். ஜனவரி முடியும்போது ஆறு மில்லிமீட்டர். பிப்ரவரி முடியும்போது பத்து. அவர் டைரக்டருக்கு ஒரு குறிப்பு எழுதினார். நல்ல லிஃப்ட் கம்பிக்கு இந்த எடை ஒரு பொருட்டே அல்ல, இந்தக் கம்பியோ பாரத்தைத் தாங்காமல் இளகிக்கொண்டே போகிறது, மனிதர்கள் ஏறும் லிஃப்டுக்கு இது தகுதியற்றது. இவ்வளவுதான் குறிப்பு. கோப்பு நாலு மேஜைகளைக் கடந்து மேலே போய், நாலு மேஜைகளைக் கடந்து கீழே வந்தது. ஓரத்தில் டைரக்டர் கையால் ஒரே சொல்: "பேசவும்."

பேசுவதற்குள் எண்பதாவது நாள் வந்துவிட்டது. டைரக்டர் அறையில் கூட்டம். டைரக்டர், மகாதேவன், அர்விந்த், நல்லசிவம், குறிப்பெடுக்க நான். டைரக்டர் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசுவார். அதையும் மற்றவர்கள் அவரிடம் சொன்னதையும் தமிழில் தருகிறேன்.

"நல்லசிவம்ஜி, ஏப்ரல் பத்தாம் தேதி சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்கள். ஒரு சோதனை நாலு மாதமாகத் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

"இறக்க விட்டா இன்னைக்கே முடிச்சிருவேன் சார். ஆனா முடிவு எனக்கு இப்பவே தெரியும். இந்தக் கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது."

"இறக்கிப் பார்த்தீர்களா?"

"விடல."

"பார்க்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்? இது விஞ்ஞான நிறுவனம்."

நல்லசிவம் நோட்டை நீட்டினார். அதை அர்விந்த் வாங்கிப் பார்த்தார்.

"அங்கிள், நீளுது நீளுதுன்னு எழுதியிருக்கீங்க. எதுலேர்ந்து நீளுது?"

"அசல் நீளத்துலேருந்து."

"அசல் நீளம்னா என்னது?"

"டெஸ்ட் தொடங்கும்போது இருந்த நீளம் தம்பி. சரியா ரெண்டு மீட்டர்."

"எந்த மேனுவல்படி?"

"நீங்க போட்ட மேனுவல்தான்."

"அது முதல் எடிஷன். இப்போ ரெண்டாவது எடிஷன் வந்தாச்சு, நேத்திலேர்ந்து அமல்." அர்விந்த் டைரக்டர் பக்கம் திரும்பினார். "பழைய எடிஷன்ல தொடங்கின எல்லா டெஸ்டும் புது எடிஷன்படி இன்னிக்குத்தான் தொடங்கினதா அர்த்தம் சார். அதனால இன்னிக்கு என்ன நீளமோ அதான் அசல் நீளம். காலையில பதினோரு மணிக்கு ஒரு ரீடிங், பதினோரு மணிக்கே இன்னொரு ரீடிங். நீட்சி ஜீரோ."

டைரக்டர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீட்சி ஜீரோவானால் விறைப்பு எவ்வளவு?" என்றார் டைரக்டர்.

"பூஜ்யத்தால வகுக்கணும் சார். வகுக்கக் கூடாது," என்றார் நல்லசிவம்.

"கூடாது என்பது நிர்வாக விஷயம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வகுத்தால் என்ன வரும்?"

"முடிவே இல்லாத எண்ணு வரும்."

டைரக்டர் முன்னால் சாய்ந்தார். "உலகத்தில் வேறு ஏதாவது கம்பிக்கு அப்படி வந்திருக்கிறதா?"

"வராது சார். வரவும் முடியாது."

"அப்படியானால் நாம்தான் முதல்," என்றார் டைரக்டர். மகாதேவன் உடனே கைதட்டினார். சோதனை முடிந்ததாக ரிப்போர்ட் வந்துவிட்டால் தனக்கு எடைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆட்சேபணை இல்லை என்றும், அன்று மாலையே பாக்கியில்லாச் சான்று தருவதாகவும் சொன்னார். எல்லோருடைய கஷ்டமும் ஒரே கையெழுத்தில் தீர்ந்துவிடும். அந்தக் கையெழுத்தைப் போட இயக்ககத்தில் தகுதி உள்ளவர் ஒருவர்தான்.

"இதை லிஃப்ட்ல மாட்டுவாங்க சார். ஆள் ஏறுவாங்க," என்றார் நல்லசிவம்.

"கம்பியைப் பற்றித்தான் நம் சர்டிபிகேட். ஆட்களைப் பற்றி அல்ல," என்றார் டைரக்டர்.

விறைப்பு என்ற கட்டத்தில் நாலு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது. முடிவில்லாத எண்ணை அதில் அடைக்க முடியாததால், "அளவிடற்கரிய உறுதி" என்று எழுத்தால் எழுதும்படி தீர்மானமாயிற்று. அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவன் நான். ராஜபாஷை விதிப்படி இந்தியிலும் அழகாக வந்தது.

நல்லசிவம் கையெழுத்துப் போடவில்லை. எட்டு நாள் போடவில்லை. வருவார், ரசமட்டத்தைப் பார்ப்பார், என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருவார், போவார். கரோல் பாக் அறையை வேறு ஒருவருக்கு விட்டுவிட்டார்கள், மூட்டையெல்லாம் சோதனைக் கூடத்தில்தான் கிடந்தது. யாரும் அவரை வற்புறுத்தவில்லை. நாள் எண்ணிக்கையை மட்டும் நான் தினமும் ஒரு சீட்டில் எழுதி அனுப்பினேன். அது விதி.

எண்பத்தெட்டாவது நாள் சாந்தகுமாரியிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"அண்ணே, நல்லாருக்கீங்களா? அவங்கள என்னைக்கு விடுவீங்க? கேட்டா பாப்போம் பாப்போம்னு சொல்லுதாங்க, வேற ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்காங்க."

"ஒரு சின்ன ஃபார்மாலிட்டிதாம்மா. நீங்க எப்படி இருக்கேள்?"

"முட்டு வலி உசுரு போகுது அண்ணே. எங்க ஆபீஸு அஞ்சாவது மாடி. தீபாவளிலேருந்து லிஃப்டு ஓடல. புதுக் கயிறு வரணுமாம், அதுக்கு டெல்லிலேருந்து ஏதோ சர்டிபிகேட்டு வரணுமாம். காலைல ஏறுனா சாயங்காலந்தான் எறங்குதேன். கவிதாவுக்குப் பரீச்சை வேற. அவங்க வந்துட்டாப் போதும் அண்ணே."

நான் போனை வைத்தேன். நேரே கீழ்த்தளத்துக்குப் போனேன். முழங்கால் வலியைச் சொன்னேன். ஐந்தாவது மாடியைச் சொன்னேன். கவிதாவின் பரீட்சையைச் சொன்னேன். லிஃப்டைச் சொல்லவில்லை.

மறதியால் அல்ல. சொன்னால் அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்று எனக்குத் தெரியும். போடாவிட்டால் கூட்டக் குறிப்பு எழுதிய நானும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை.

எண்பத்தொன்பதாவது நாள் அவர் என்னிடம் பேனா கேட்டார். நான் கொடுத்தேன்.

ஸ்டோர்ஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்து பத்தே நிமிஷத்தில் எடைகளை இறக்கினார்கள். கம்பி திரும்பவில்லை. மகாதேவன் டேப் வைத்து அளந்து பார்த்துக் கவலைப்பட்டார். வந்தபோது இருந்ததைவிடப் பதினோரு மில்லிமீட்டர் அதிகமாக இருந்தது. அரசாங்கச் சாமான் குறைந்தால் என்ன செய்வது என்று விதி உண்டு. வளர்ந்தால் என்ன செய்வது என்று இல்லை. கடைசியில் அதிகப்படியான பதினோரு மில்லிமீட்டரை அளந்து வெட்டிக் கவரில் போட்டுப் பீரோவில் வைத்தார். மறுநாள் நல்லசிவம் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினார். ஸ்டேஷனில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கயிற மாட்டாமப் பாத்துக்கிடுங்க சார்," என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

ஏப்ரலில் எங்களுக்குத் தரச் சான்றிதழ் கிடைத்தது. மே மாதம், அளவிடற்கரிய உறுதியைக் கண்டறிந்த முதல் ஆய்வகம் என்று அமைச்சகம் கேடயம் கொடுத்தது. ஜூனில் கயிறு வந்தது. முதல் மரியாதையாக எங்கள் கட்டடத்து லிஃப்டுக்கே போட்டார்கள்.

அந்த லிஃப்டின் வாசலில் "அதிகாரிகளுக்கு மட்டும்" என்று இருபது வருஷமாக ஒரு பலகை உண்டு. மனுக்களோடு வரும் ஜனங்கள் படியில் மூச்சு வாங்க ஏறுவார்கள். திறப்பு விழா அன்று டைரக்டர் ரிப்பன் வெட்டினார். கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. கயிற்றோடு உள்ளேயும் புதுப்பித்திருந்தார்கள், கண்ணாடிகூட இருந்தது. டைரக்டர் அதில் தலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்து, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று படிப் பக்கம் போனார். மகாதேவன் இன்றைக்கு ஏகாதசி என்றார். ஏகாதசிக்கும் லிஃப்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அர்விந்த் கொழுப்பைக் குறைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவினார். நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். கயிற்றைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கோப்பில் ஏற்ற வேண்டியிருக்கும்.

ஒரு வாரம் லிஃப்ட் காலியாக ஏறி இறங்கியது. பிறகு சுற்றறிக்கை வந்தது. அதிகாரிகளின் உடல்நலனையும், மக்களுக்கு முன்னுரிமை என்ற அரசின் உன்னத நோக்கத்தையும் கருத்தில் கொண்டு, இனி லிஃப்ட் முழுவதும் பொதுமக்களுக்கு ஒதுக்கப்படுகிறது. பலகை மாறியது. ஒரு பத்திரிகையில் வாசகர் கடிதம்கூட வந்தது. அதிகாரிகள் படியேற, ஏழை எளியவர்கள் லிஃப்டில் போகும் காட்சியை இந்த அலுவலகத்தில்தான் கண்டேன், கண்ணில் நீர் வந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை வெட்டி நோட்டீஸ் போர்டில் ஒட்டினோம்.

ஆகஸ்டில் நல்லசிவத்திடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது.

"மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு, நல்லசிவம் எழுதுவது. இங்கு நலம். சாந்தாவின் ஆபீஸுக்குப் போன மாதம் ஒரு நாள் டிபன் பாக்ஸ் கொண்டுபோனேன். லிஃப்ட் புதிதாக ஓடுகிறது. உள்ளே என் சர்டிபிகேட்டை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சாந்தா அதற்குக் கீழே நின்றுகொண்டு, இது எங்க வீட்டுக்காரங்க கையெழுத்து என்று எல்லோரிடமும் காட்டினாள். அவளுக்கு முட்டு வலி பாதியாகக் குறைந்துவிட்டது. கயிறு சரியில்லை என்று அவளிடம் நாலு தடவை சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் ஏன் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்பாள்.

அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை. ஆகையால் தினமும் காலையில் அவளுடன் ஐந்து மாடி ஏறிவிட்டு, படி வழியாக இறங்கி என் ஆபீஸுக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து அவளுடன் இறங்குகிறேன். அதிலும் ஒரு தப்பு நடந்துவிட்டது. முதலில் இங்கே பல பேர் பயந்துகொண்டு படியில்தான் போனார்கள். சர்டிபிகேட் கொடுத்தவரே தினமும் ஏறுகிறாரே என்று இப்போது எல்லோரும் ஏறுகிறார்கள். எட்டுப் பேர்தான் ஏறலாம். நேற்று பதினோரு பேர் இருந்தோம். கூடாது என்று சொன்னேன். என் சர்டிபிகேட்டையே எனக்குக் காட்டுகிறார்கள். தயவுசெய்து அந்தச் சோதனையைத் திரும்ப நடத்த ஏற்பாடு செய்யுங்கள். நான் லீவு போட்டு, சொந்தச் செலவில் வருகிறேன்."

கடிதத்தை மொழிபெயர்த்துக் கோப்பில் வைத்து மேலே அனுப்பினேன். மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தையைக்கூட நான் மாற்றவில்லை. டைரக்டர் இரண்டு இடத்தில் பச்சை மையால் கோடு போட்டிருந்தார். சோதனை செய்த அதிகாரியே தினமும் இரண்டு முறை குடும்பத்துடன் பயணம் செய்கிறார் என்பது ஒன்று. எட்டுப் பேருக்கான லிஃப்டில் பதினோரு பேர் போக முடிகிறது என்பது மற்றொன்று. சான்றிதழைப் புதுப்பிக்க எங்களிடம் ஒரே ஒரு காகிதம்தான் குறைவாக இருந்தது, வாடிக்கையாளர் திருப்தி அறிக்கை. அந்த இடத்தில் நல்லசிவத்தின் கடிதத்தைச் சேர்த்துவிட்டோம்.

மறுசோதனைக் கோரிக்கைக்கும் முறைப்படி பதில் போயிற்று. இரண்டாவது எடிஷன்படி மாதிரிக் கம்பி தற்போது அதன் அசல் நீளத்தில் இல்லாத காரணத்தால் மறுசோதனை செய்ய இயலாமைக்கு வருந்துகிறோம். கீழே கையெழுத்து கல்யாணராமன்.

அதைத் தபாலில் சேர்த்துவிட்டு, மயூர் விஹார் பஸ்ஸைப் பிடிக்கப் படியில் இறங்கினேன். கீழே லிஃப்ட் வாசலில் ஒரு வயதான தம்பதி, கையில் மனுவோடு நின்றிருந்தார்கள். பெரியவர் பலகையைக் காட்டி, நாங்கள் இதில் போகலாமா, பயமில்லையே என்று இந்தியில் கேட்டார்.

"தாராளமாகப் போகலாம். சர்டிபிகேட் இருக்கிறது," என்றேன். அந்த அம்மாளுக்குப் பொத்தான் எட்டவில்லை. நானே அழுத்திக் கொடுத்தேன்.